படையோடு கப்பலேறிய பூஞ்சை! தெரியுமா உங்களுக்கு?

ரோம் நகரத்துக் குடைப் பைன் மரங்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நெடுநெடுவென்று ஒற்றைத் தண்டு, உச்சியில் மட்டும் விரிந்த பச்சை. ரோமுக்குத் தென்மேற்கே கடலை ஒட்டி காஸ்டெல்போர்சியானோ என்றொரு காடு இருக்கிறது. இத்தாலியக் குடியரசுத் தலைவருக்கான எஸ்டேட் அது. சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்பு. கண்டவர் நுழைய முடியாத அந்தக் காட்டுக்குள் பைன் மரங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. வேரை அழுகவைத்துக் கொன்ற பூஞ்சையைப் பிடித்து அதன் மரபணுவைப் பார்த்தால், அது ஐரோப்பாவைச் சேர்ந்ததே இல்லை! அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் ஹெட்டரோபேசிடியான் இர்ரெகுலேர்! அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி அது எப்படி வந்தது தெரியுமா? ராணுவத்தோடு!

1944 ஜூனில் ரோமைப் பிடித்த அமெரிக்காவின் 5-ஆவது ராணுவம் இந்தக் காட்டில்தான் முகாமிட்டிருந்தது. படை வந்தால் பெட்டி வரும், பலகை வரும், முட்டுக்கட்டை வரும். அந்தக் காலத்தில் அவற்றை யாரும் சூடாக்கிக் கிருமி நீக்கவில்லை. அப்படி வந்த ஏதோ ஒரு பைன் பலகைக்குள் பூஞ்சை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுதான் 2004-இல் வெளியான ஆய்வின் முடிவு. போர் முடிந்தது, படை ஊர் திரும்பியது, பூஞ்சை மட்டும் தங்கிவிட்டது. அறுபது ஆண்டுகள் அதன் அடையாளம் யாருக்கும் தெரியவில்லை. கடலோரமாகவே நகர்ந்து தெற்கே சிர்சியோ தேசியப் பூங்கா வரை போய்விட்டது.

இதில் இன்னொரு வியப்பு. இந்த அமெரிக்கப் பூஞ்சைக்கு ஐரோப்பாவில் ஒரு பங்காளி உண்டு: ஹெட்டரோபேசிடியான் அனோசம். இரண்டும் பிரிந்து 3 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இத்தாலியக் குடைப் பைன் தலைமுறை தலைமுறையாக அறிந்தது பங்காளியைத்தான். அப்படியானால் முன்பின் அறியாத அந்நியன் கொடூரமாகக் கொல்வதால்தான் வென்றதா? கன்றுகளில் இரண்டையும் ஏற்றிப் பார்த்தார்கள். கொல்லும் திறனில் இரண்டும் ஏறக்குறைய சமம்! வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. வந்தேறி, செத்த கட்டையில் வெகு வேகமாகப் பரவுகிறது. அதில் காளான் தட்டுகளை ஏராளமாக முளைக்கவைத்து வித்துத்துகள்களைக் கொட்டுகிறது. உயிருள்ள மரத்தோடு போரிட்டு ஜெயித்ததைவிட, செத்த மரத்தைத் திறமையாகத் தின்றே அது நாட்டைப் பிடித்தது. மரநோய் என்றால் மரத்தின் எதிர்ப்புச் சக்தியை மட்டுமே பேசுகிறவர்களுக்கு இது பெரிய பாடம் என்று நினைக்கிறேன். பைன் இல்லாத ஓக் காட்டிலும் அது குடியேறியிருக்கிறது என்றால் பாருங்கள்!

அதோடு முடிந்ததா? 3 கோடி ஆண்டுகள் பிரிந்திருந்த பங்காளிகள் சந்தித்த இடத்தில் கலப்பும் நடந்துவிட்டது. கலப்புப் பிறவிகள் காட்டில் தாராளமாக இருக்கின்றன. மரபணு எந்தப் பக்கம் ஓடியது என்று பார்த்தால், பெரும்பாலும் உள்ளூர்ப் பூஞ்சையிலிருந்து வந்தேறிக்கு! மண்ணுக்கும் மரத்துக்கும் பழகிய உள்ளூர் மரபணுக்கள் அந்நியனின் உடம்பில் ஏறிக்கொண்டிருக்கின்றன.

மரத்துக்குப் பழகிய மரபணு என்றேன். பூஞ்சைக்கு அப்படி மரம் பார்த்துத் தின்னும் பழக்கம் உண்டா என்று கேட்கலாம். உண்டு, அதுவும் நுணுக்கமாக! ஐரோப்பாவில் நூறாண்டுக் காலம் ஒரே இனம் என்று எண்ணியிருந்த வேரழுகல் பூஞ்சையை ஃபின்லாந்தின் கரி கோர்ஹோனன் ஆய்வகத்தில் இணைசேர வைத்துப் பார்த்தார். சில சேர்ந்தன, சில சேரவே மறுத்தன. 1978-இல் அவர் சொன்னது: இது ஒன்றல்ல! பைன் மரத்தை நாடுவது ஒன்று, ஸ்ப்ரூஸ் மரத்தை நாடுவது இன்னொன்று. பிறகு சில்வர் ஃபிர் மரத்துக்கென்று மூன்றாவதும் பிரிந்தது. வெளிப்பார்வைக்கு மூன்றும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேறு வேறு.

பிர்ச் மரத்தைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காத காளான்கூட இருக்கிறது. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த 5,300 ஆண்டுப் பழமையான ‘ஓட்ஸி’ மனிதன் நினைவிருக்கிறதா? அவன் தோல்வாரில் கோத்து வைத்திருந்த இரண்டு காளான் துண்டுகள் அந்த பிர்ச் காளான்தான்!

ஒரு மரம் ஏன் எல்லாப் பூஞ்சைக்கும் இரையாவதில்லை? வைரம் பாய்ந்த தேக்கு ஏன் உளுப்பதில்லை என்று தச்சரிடம் கேளுங்கள், சேகுக் கட்டையைக் காட்டுவார். அந்தக் கரும்பகுதியில் மரம் தன் மருந்துகளைச் சேமித்து வைத்திருக்கிறது. பைன் என்றால் பிசினும் பினோசில்வின் என்ற நஞ்சும், ஓக் என்றால் துவர்ப்பான டானின். ஒரு மரத்தை உண்டு வாழ வேண்டுமானால் பூஞ்சை முதலில் அந்த மரத்தின் மருந்தை முறிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் லிக்னின். மரத்துக்கு உறுதி கொடுக்கும் இந்தப் பொருளை உடைக்கும் என்சைம்கள் பூஞ்சைகளுக்கு எப்போது வாய்த்தன என்று 2012-இல் மரபணுக்களை வைத்துக் கணக்கிட்டார்கள். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலக்கரிக் காலத்தின் கடைசியில்!

ஆனால், இவ்வளவு அருமையான கருவியைப் பல பூஞ்சைகள் பிற்பாடு தூக்கி எறிந்துவிட்டன என்பது தெரியுமா? அவைதான் பழுப்பழுகல் பூஞ்சைகள். லிக்னினை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு, இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வைத்துச் செல்லுலோஸைத் துண்டாடுகின்றன. ஊசியிலை மரங்கள்தான் இவற்றுக்கு மிகப் பிடித்தம். இவை தின்ற கட்டை கட்டம் கட்டமாக வெடித்துப் பழுப்பாக நிற்கும். இரண்டு விரலால் நசுக்கினால் பொடி! லிக்னினையும் சேர்த்துத் தின்னும் வெண்ணழுகல் பூஞ்சைகள் விட்டுவைக்கும் கட்டையோ வெளுத்து, நார் நாராகப் பிரியும். காட்டில் விழுந்து கிடக்கும் கட்டையைக் கையில் எடுத்தாலே உள்ளே இருந்தது எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

அந்தப் பழுப்பழுகல் கூட்டத்தில் ஒன்றுதான் ஐரோப்பிய வீடுகளின் தரைப்பலகையையும் உத்திரத்தையும் நாசமாக்கும் செர்ப்யூலா லாக்ரிமான்ஸ். லண்டனிலோ ஆஸ்லோவிலோ ஒரு பழைய வீட்டில் இது புகுந்துவிட்டால் சொந்தக்காரர் தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். செங்கல், சுண்ணாம்புச் சாந்து எல்லாவற்றையும் தாண்டி நூல்கயிறுகளை நீட்டி, அவற்றின் வழியாகவே நீரைக் கொண்டுபோய் அடுத்த அறை மரத்தைப் பிடிக்கும். இவ்வளவு ஊருக்குள் பரவிய பூஞ்சையின் சொந்தக் காடு எது தெரியுமா? நம் இமயமலையும் ஆசியாவின் மலைக்காடுகளும்! இமயத்தில் உயரமான ஃபிர் காடுகளில், விழுந்த கட்டைகளில், அபூர்வமாகத் தேடினால் கிடைக்கிறது. உலகமெங்கும் வீடுகளில் இருப்பவை மிகச் சில மூதாதைகளின் வழிவந்தவை என்று 2007-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. குளிர், ஊசியிலைக் கட்டை, பக்கத்தில் பாறை என்ற மலை வாழ்க்கைக்குப் பழகிய பூஞ்சைக்கு, ஸ்ப்ரூஸ் பலகையும் கல்சுவரும் கொண்ட ஐரோப்பிய வீடு பழகிய இடமாகவே ஆகிவிட்டது. அதன் காட்டுச் சொந்தமான இன்னொரு செர்ப்யூலா பலவகை மரங்களைத் தின்னும், மற்றப் பூஞ்சைகளோடு சளைக்காமல் சண்டை போடும். வீட்டுப் பூஞ்சையோ ஸ்ப்ரூஸ் கட்டையைத் தின்பதில் சூரன், சண்டையில் சோனி. போட்டியே இல்லாத வீட்டுக்குள் அதற்குச் சண்டை எதற்கு?

இனி எதிர்த்திசையில் ஒரு கதை. பூஞ்சை ஊரிலேயே இருக்க, மரம் கடல் தாண்டி வந்தால்? ரப்பர் மரம்! 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் பிறகு சிங்கப்பூருக்கும் போயின. அமேசானில் ரப்பர் தோட்டங்களை அழிக்கும் இலைக்கருகல் நோய் ஆசியாவுக்கு வரவில்லை, தப்பித்தோம் என்று இருந்தார்கள். ஆனால், ஆசியக் காட்டு மண்ணில் ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என்ற வேரழுகல் பூஞ்சை காத்திருந்தது. 1904-இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் ரிட்லி அதை ரப்பர் மரத்தில் கண்டார். காட்டு மரங்களில் ஆங்காங்கே வாழ்ந்த பூஞ்சைக்கு ஏக்கர் கணக்கில், வரிசை வரிசையாக, ஒரே மரம்!

காட்டை வெட்டி எரித்துத் தோட்டம் போட்டவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி மலாயாவுக்குப் போன நம்மவர்கள் அதில் பெரும்பங்கு. வெட்டிய பெருமரங்களின் அடிக்கட்டையை யாரும் தோண்டி எடுக்கவில்லை, அது லேசான வேலையும் இல்லை. பூஞ்சை அந்த அடிக்கட்டைகளில்தான் உட்கார்ந்திருந்தது. வேரடியில் மண்ணை விலக்கிப் பார்த்தால் தெரியும்: பட்டைமேல் ஒட்டிக்கொண்டு, வெள்ளை வெளேரென்று தட்டையான நூல்கயிறுகள், கிளை பிரிந்து பிரிந்து முன்னேறுகின்றன. வேர் அழுகுவதற்கு எவ்வளவோ முன்னாலேயே கயிறு ஓடிவிடும். மேலே இலைப் பளபளப்பு மங்கி, காலமில்லாக் காலத்தில் பூப்பூத்து, மரம் ‘எனக்கு முடியவில்லை’ என்று காட்டும்போது கீழே எல்லாம் முடிந்திருக்கும்.

இந்த நோய்க்கு ரப்பர் தோட்டங்களில் கண்டுபிடித்த வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. ரப்பர் வரிசைகளுக்கு நடுவே பியூரேரியா போன்ற பயறுவகைக் கொடிகளைப் படரவிட்டார்கள். கொடியின் அடியில் நிலம் ஈரமாக இருக்கும், பழைய கட்டைகள் சீக்கிரம் மக்கும். பூஞ்சை தன் கயிறுகளைக் கொடியின் வேர்களிலும் சருகிலும் ஓட்டி ஓட்டித் தன் சேமிப்பைத் தீர்த்துவிடும். ரப்பர் வேர் வந்து தொடும்போது அதற்குத் தெம்பு இருக்காது! வேரடியில் கந்தகம் போடுவதும் உண்டு. மண் புளிப்பேறி, எதிர்ப்பூஞ்சைகள் தழைக்கும்.

தென்னைக்கு வருவோம். டெல்டா விவசாயிகளுக்கு ‘தஞ்சாவூர் வாடல்’ என்றால் விளக்கவே வேண்டாம். தண்டின் அடியில் செம்பழுப்புச் சாறு கசிந்து மேலே ஏறும் அந்த அடித்தண்டழுகலுக்குக் காரணம் கேனோடெர்மா என்ற மரக்காளான் இனம். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, டிரைக்கோடெர்மா என்ற எதிர்ப்பூஞ்சை, ஊடுபயிராக வாழை என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது இதற்குத்தான். இதே இனத்தின் இன்னொரு உறுப்பு மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் என்ன செய்கிறது தெரியுமா? மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த எண்ணெய்ப்பனையைச் சாய்க்கிறது! தென்னந்தோப்பை அழித்து, அடிக்கட்டையை விட்டுவிட்டு, அதே இடத்தில் எண்ணெய்ப்பனை நட்டால் நோய் வெகு இளம் வயதிலேயே தாக்குகிறது. தென்னங்கட்டையில் தங்கி, பனைக்குத் தாவுகிறது.

பூஞ்சை கப்பலில் போய் இறங்கிய இன்னோர் ஊர், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன்! 1652-இல் டச்சுக்காரர் ஜான் வான் ரிபீக் அங்கே கப்பல்களுக்குக் காய்கறி பயிரிட ஒரு தோட்டம் போட்டார். பிற்காலத்தில் அதே ‘கம்பெனி தோட்டத்தில்’ மரங்கள் வேரழுகிச் சாய்ந்தன. பரிசோதித்தால் ஐரோப்பாவின் ஆர்மில்லேரியா மெல்லியா என்ற பூஞ்சை! 300 ஆண்டுகளுக்கு முன் தொட்டிச் செடிகளின் மண்ணோடும் வேரோடும் கப்பலில் வந்திருக்க வேண்டும் என்று 2001-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் சொன்னார்கள். கேட்கவே வருத்தமானது அடுத்த பகுதி. அது தோட்டத்தோடு நிற்கவில்லை. உலகில் வேறெங்கும் இல்லாத ஃபின்போஸ் புதர்க்காட்டின் புரோட்டியா செடிகளையும் பிடித்துவிட்டது.

எல்லா வந்தேறிகளும் ராணுவத்தோடோ கப்பலோடோ வரவில்லை. சில கூரியரில் வருகின்றன! கிழக்காசியாவின் மஞ்சள் சிப்பிக்காளானை வீட்டில் வளர்க்கப் பைகளில் விற்கிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு, தின்ன ருசி. 2010-களின் தொடக்கத்தில் அது அமெரிக்காவில் வளர்ப்பிலிருந்து தப்பிக் காட்டுக்குள் போனது. இன்று 25-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் செத்த எல்ம் மரங்களில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. அந்த எல்ம் மரங்களில் பலவற்றைக் கொன்றதே வெளியிலிருந்து வந்த இன்னொரு பூஞ்சைநோய்! விஸ்கான்சின் காடுகளில் எல்ம் கட்டைகளைத் துளைத்து மரத்தூள் எடுத்து மரபணு பார்த்தார்கள். மஞ்சள் சிப்பிக்காளான் குடியேறிய கட்டையில் மற்றப் பூஞ்சை இனங்கள் சுமார் பாதிதான்! உள்ளூர்ப் பூஞ்சைகள் எல்ம் மரத்தோடு எத்தனையோ காலம் பழகியும், தின்னத் தொடங்கும் வேகத்தில் வந்தேறி முந்திவிட்டது. காளான் பை வாங்குகிறவர்கள் வளர்ப்பு முடிந்த பையைத் தோட்டத்தில் வீசக் கூடாது என்று ஆய்வாளர்கள் கெஞ்சிக் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன்.

நியூசிலாந்தில் 1969-இல் தென்பட்ட ஆரஞ்சு நிறக் குட்டிக் காளான் ஃபாவொலாஷியா கலோசெரா இன்னொரு உதாரணம். மடகாஸ்கரில் முதலில் விவரிக்கப்பட்டது. இப்போது இத்தாலி, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கோ.

கடைசியாக ஒன்று. இதை முதன்முதல் படித்த நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்!

மான்டரே பைன் கலிஃபோர்னியாக் கடற்கரையில் சில சின்னத் திட்டுகளிலும் மெக்சிகோவின் இரண்டு தீவுகளிலும் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. ஆனால், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி என்று உலகில் சுமார் 40 லட்சம் ஹெக்டேரில் நட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் சைரெக்ஸ் நோக்டிலியோ என்றொரு மரக்குளவி உண்டு. கருநீலத்தில் மின்னும் பெண்குளவி ஊசி உறுப்பால் பைன் தண்டைத் துளைத்து முட்டையிடும். முட்டையோடு இன்னும் இரண்டையும் இறக்கும். ஒன்று, மரத்தை வாடவைக்கும் நச்சுப் பசை. இன்னொன்று, அதன் உடம்பில் தனிப் பையில் வைத்துக் காப்பாற்றும் அமைலோஸ்டீரியம் என்ற வெண்ணழுகல் பூஞ்சை! பசை மரத்தைத் தளர்த்தும், பூஞ்சை கட்டையை உலர்த்திப் பதப்படுத்தும், பிறக்கும் புழு பூஞ்சை ஊறிய கட்டையைத் தின்னும். சொந்த ஊரில் இந்தக் கூட்டணி நோயுற்ற மரங்களைத்தான் தொடும். ஆனால் அது கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்த தென்பாதி உலகிலோ, நெருக்கி நடப்பட்ட, வறட்சியில் தவித்த, இவற்றை அறியாத மான்டரே பைன்கள்! 1987 முதல் 1989 வரை ஆஸ்திரேலியாவின் ‘பச்சை முக்கோணம்’ எனப்படும் பகுதியில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேல் மரங்கள் செத்தன.

மீட்க வந்தது யார் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத ஒரு நூற்புழு! 1962-இல் நியூசிலாந்தில் கண்டுபிடித்தார்கள். இந்தப் புழு மரத்துக்குள் அந்தப் பூஞ்சையைத் தின்றே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். குளவிப் புழு பக்கத்தில் வந்துவிட்டால் அடுத்த தலைமுறை உருவமே மாறிப் பிறக்கும்! இரண்டு உருவத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் ராபின் பெடிங் ஆராய்ந்து காட்டிய பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது. மாறிய உருவம் குளவிப் புழுவைத் துளைத்து உள்ளே போகும். பெண்குளவியின் முட்டைகளுக்குள் புகுந்து நிறையும். குளவியோ எதுவும் தெரியாமல் பறந்துபோய் அடுத்த மரத்தைத் துளைத்து, முட்டை என்று நினைத்துப் புழுக்களை இறக்கிவிட்டு வரும். கூடவே புழுக்களுக்குத் தீனியான பூஞ்சையையும்!

ஆய்வகத்தில் பூஞ்சையைத் தீனியாகக் கொடுத்துப் புழுக்களைப் பெருக்கினார்கள். ஜெலட்டின் கூழில் கலந்து, சுத்தியால் பைன் தண்டில் துளைபோட்டு, துளைதோறும் ஊட்டினார்கள். பலன் பிரமாதம். பிறகு திடீரென்று பலன் குறைந்தது. ஏன்? ஆண்டுக்கணக்காகக் குளவியையே பார்க்காமல் பூஞ்சை மட்டும் தின்று வளர்ந்த புழுக்கள், உருவம் மாறும் வித்தையை மறந்துவிட்டன! டாஸ்மேனியாவில் கமோனா என்ற காட்டுக்குப் போய், குளவிகளுக்குள் இன்னும் வீரியத்தோடு இருந்த புழுக்களைத் தேடிப் பிடித்து வந்து புதிதாகத் தொடங்கினார்கள். இன்றைக்கும் ஊட்டப்படுவது அந்தக் கமோனா வம்சம்தான்.

இதே குளவி 2004-இல் நியூயார்க் மாநிலத்தில் அகப்பட்டது. அங்கே நிலைமை வேறு. பைன்கள் உள்ளூர்க்காரர்கள், சைரெக்ஸ் இனத்திலேயே உள்ளூர்க் குளவிகள் உண்டு, அவற்றுக்கென்று அமைலோஸ்டீரியம் பூஞ்சைகளும் நூற்புழுக்களும் உண்டு. ஒரே கட்டைக்குள் வந்தேறிக் குளவியின் புழுவும் உள்ளூர்க் குளவியின் புழுவும் வளர்கின்றன. வெளியே வரும் குளவிகளின் பைகளைத் திறந்து பார்த்தவர்கள் கண்டது, உள்ளூர்க் குளவியிடம் வந்தேறியின் பூஞ்சை, வந்தேறியிடம் உள்ளூர்ப் பூஞ்சை!